பேத்திக்குச் சொப்பு வருகிறது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லாருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடு. இங்கே என் வீட்டுக்காரிக்கு மூட்டு வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, சாயங்காலம் ஆற்றங்கரை வரை நடக்கிறோம்.

உன் மூன்று வயதுப் பேத்திக்கு விளையாட அம்பாசமுத்திரம் மரச்சொப்பு வேண்டும் என்று கேட்டிருந்தாய். கடையில் வாங்கி அன்றைக்கே பார்சல் போட்டிருக்கலாம். செய்கிற இடத்திலேயே வாங்குவோமே என்று, மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருவாக்கும் ஒரு கடைசல் பட்டறைக்குப் போனேன், அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இப்போது வாரம் நாலு நாள் காலையில் அங்கேதான். பட்டறை அண்ணாச்சிக்கு நம்மைவிட பத்து வயது கூட இருக்கும். உளி பிடிக்கச் சொல்லித் தருகிறார்.

அண்ணாச்சி சின்னப் பையனாக இருந்தபோது மோட்டார் கிடையாதாம். மரத்தைச் சுழற்றும் கதிரில் கயிற்றைச் சுற்றி ஒருவர் இரண்டு முனையையும் மாறி மாறி இழுக்க, இன்னொருவர் உளி வைப்பாராம். மரம் ஒரு பக்கம் சுற்றும்போதுதான் உளி வெட்டும். எதிர்ப்பக்கம் சுற்றும்போது கையைத் தளர்த்திக் காத்திருக்க வேண்டும். கேட்டதும் எனக்கு எங்கள் அம்மா தூணில் கயிறு கட்டித் தயிர் கடைந்ததுதான் கண்ணில் வந்தது. மத்தும் இப்படியே முன்னும் பின்னும்தானே சுழலும்! தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். அறுபது வருஷமாக இந்த ஒரே சொல்லை வாயில் வைத்திருந்தும் நான் யோசித்ததே இல்லை.

சொப்புக்கு முன்பெல்லாம் மஞ்சக்கடம்புதான். மஞ்சள் நிறக் கட்டை, நெருக்கமான ரேகை, உளிக்கு வழுவழுவென்று இடம் கொடுக்கும். இப்போது அது கைக்கு வருவது அபூர்வம் என்பதால் ரப்பர் மரம், யூகலிப்டஸ் என்று கிடைப்பதை வைத்து ஓட்டுகிறார்கள். நாம் மைசூர் போகிற வழியில் சென்னபட்டணத்தில் பொம்மை வாங்கினோமே, அவர்கள் 'ஆலெ' என்று சொல்லும் மரம் நம் ஊர் வெட்பாலைதான். அங்கேயும் இதே கடைசல், இதே அரக்கு.

அரக்கு ஏற்றுவதை நீ நேரில் பார்க்க வேண்டும். சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்துவார். பெயிண்ட் டப்பாவும் கிடையாது, பிரஷ்ஷும் கிடையாது. உரசும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் படியும். முதலில் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். அப்புறம் ஒரு துண்டு தாழை ஓலையை மடித்து அதன் மேல் வைத்து அழுத்துவார். இரண்டு மூச்சு நேரத்தில் திட்டெல்லாம் பரவி, முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும். ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. மரத்தில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரந்த பிசின், வேலியோரத் தாழை, ஒரு மனிதனின் கைச்சூட்சுமம், இவ்வளவுதான் சரக்கு.

நான் தனியாகக் கடைந்த முதல் பொருள் ஒரு கிண்ணம். அழகாகத்தான் வந்தது. வீட்டு அலமாரியில் வைத்தேன். எட்டாம் நாள் விளிம்பிலிருந்து அடிவரை பிளந்துவிட்டது. மனசு உடைந்துபோய் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் கிண்ணத்தின் அடியைத் திருப்பி, வளையங்களின் நடுப்புள்ளியைக் காட்டினார். பச்சை மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைவிட வளையத்தின் போக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். நடுப்புள்ளியை உள்ளே வைத்துக் கடைந்தால் அந்த இழுப்புக்கு வேறு வழியில்லை, வெடித்துத்தான் ஆக வேண்டும். அதோடு, அறுத்த முகத்தில் ஈரம் போகிற வேகம் பக்கவாட்டில் போவதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அதனால்தான் கட்டையின் இரண்டு முனையிலும் மெழுகு பூசி, வெயில் படாமல் மாதக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கிறார். அந்த அடுக்கை நான் தினமும் தாண்டித்தான் போனேன், விறகு என்று நினைத்துக்கொண்டு. கடைசல் என்பது உளி வேலை என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். பாதி வேலை அந்த நிழலில், யாரும் தொடாமலே நடக்கிறது.

பட்டறையில் எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். கற்றுக்கொள்ள வந்து நிற்பது என்னைப் போல ஒரு கிழவன். பதினெட்டு வயதுக் கை ஒன்று அந்த உளியைப் பிடித்திருக்க வேண்டும். ஒரு செட் முழுக்கக் கடைந்து கிடைக்கும் கூலியைக் கேட்டபோது, பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேரம் பேசாமல் வாங்கு என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், உன்னிடமும் சொல்கிறேன்.

சரி, பார்சல் விஷயம். பனையோலைப் பெட்டியில் அம்மி, குழவி, ஆட்டுரல், உலக்கை, அடுப்பு, குடம் என்று பதினாறு உருப்படி இருக்கும். பேத்தி தண்ணீரில் ஊறப்போட்டு விளையாடாமல் பார்த்துக்கொள், வெயிலிலும் வைக்க வேண்டாம், அரக்கு சூட்டில் இளகும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். குட்டி மத்து ஒன்று தனியாகக் காகிதத்தில் சுற்றி இருக்கும், அதற்கு அரக்கு ஏற்றவில்லை. அது நான் கடைந்தது. அண்ணாச்சி நன்றாக உலர்த்தி வைத்திருந்த கட்டையில்தான் செய்தேன், பிளக்காது. பெட்டியைத் திறந்ததும் அவள் எதை முதலில் எடுத்தாள் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பக்கத்து பெஞ்சுக்காரன்