பாதியில் அணைத்த தொடர்

அன்பு மகளுக்கு,

நீ கிளம்பிப் போய் மூன்று வாரம் ஆகிறது. போனில் உடம்பு எப்படி, தூக்கம் எப்படி என்று இருவரும் சுற்றி வளைத்துப் பேசுகிறோமே தவிர, அன்று இரவு நடந்ததைத் தொடுவதில்லை. எனக்கு எழுதுவது சுலபம். குறுக்கே நீ பேச மாட்டாய்.

மத நம்பிக்கையில் பிறழ்ந்தவர்கள் என்று ஆட்களைப் பிடித்து விசாரித்த கத்தோலிக்கத் திருச்சபை மன்றமான இன்குவிசிஷனைப் பற்றிய அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோது உன் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கி அணைத்தேன். "திருச்சபை மேல் சேறு வாரி இறைப்பதே இவர்களுக்குப் பிழைப்பு" என்று கத்தினேன். நீ கத்தவில்லை. "சரிப்பா, இதில் எது பொய்யென்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்" என்றாய். முப்பது வருடம் வரலாறு நடத்திய வாத்தியார் பதில் சொல்லாமல் படுக்கப் போனார்.

பதில் இல்லாமல் இல்லை. பொய்யென்று எடுத்துக்காட்ட அந்தக் காட்சியிலேயே இரண்டு மூன்று கிடந்தன. உள்ளே ஆணி வைத்த ஆளுயர இரும்புப் பெட்டிக்குள் ஒரு பெண்ணைத் தள்ளினார்களே, 'இரும்புக் கன்னி', அப்படியொரு கருவியை இன்குவிசிஷன் பயன்படுத்தவே இல்லை. அந்தக் கதை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் கட்டிவிடப்பட்டது. அருங்காட்சியகங்களில் நிற்கிற பெட்டிகள் அதற்கும் பிறகு ஒட்டுப்போட்டுச் செய்தவை. அப்புறம், முக்காடு போட்ட துறவிகளே தீ வைப்பதாகக் காட்டினார்கள். உண்மையில் தீர்ப்புக்குப் பிறகு அரசு அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிடுவார்கள். எரிப்பது ஊருக்கு வெளியே, வேறு ஆட்கள் கையால் நடக்கும். "எங்கள் கையில் ரத்தம் இல்லை" என்று சொல்லிக்கொள்ள ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான். இதைத் திருத்தமாகச் சொன்னால் திருச்சபைக்குப் பெருமை கூடுமா, குறையுமா என்று நீயே யோசி. அன்று என் வாயைக் கட்டியது இந்தக் கேள்விதான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1994இல் பிபிசி, ஸ்பானிய இன்குவிசிஷன் பற்றிய கட்டுக்கதைகள் என்றே ஓர் ஆவணப்படம் எடுத்தது. கொல்லப்பட்டவர்கள் லட்சக்கணக்கில் இல்லை, மூன்றரை நூற்றாண்டில் மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் பேர் என்றார்கள். சித்திரவதையும் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை என்றார்கள். பிற்பாடு அதன் பிரதி ஒன்று எனக்குக் கிடைத்தது. எத்தனை பேருக்குப் போட்டுக் காட்டினேன் தெரியுமா? மறைக்கல்வி வகுப்புக்குக்கூடக் கொண்டுபோனேன். அதுவும் தொலைக்காட்சிதான். நமக்குச் சாதகமாகப் பேசியபோது மட்டும் அதனிடம் நான் ஆதாரம் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் ஒரு விஷயம் அப்போதே புரிந்திருக்கும். ஹைமே கொந்த்ரேராஸ், குஸ்தாவ் ஹென்னிங்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஸ்பெயினில் சுமார் 44,000 வழக்குக் குறிப்புகளை எண்ணிப் பார்த்தார்கள். அவற்றில் உருவப்பொம்மையாக இல்லாமல் நேரில் எரிக்கப்பட்டவர்கள் 826 பேர். இந்த எண்ணை நான் மந்திரம் போல ஒப்பிப்பேன், உனக்கும் நினைவிருக்கும். ஆனால் அந்தக் குறிப்புகள் 1540இலிருந்து 1700 வரைக்குமானவை. விசாரணை மன்றம் அமைக்கப் பாப்பரசர் நான்காம் சிக்ஸ்துஸ் அனுமதி கொடுத்தது 1478இல். செவில் நகரில் முதல் ஆறு பேரை எரித்தது 1481 பிப்ரவரியில். யூத மதத்திலிருந்து ஞானஸ்நானம் பெற்று வந்த குடும்பங்களை வளைத்துப் பிடித்த மிகக் கொடிய ஐம்பது ஆண்டுகள் அந்தக் கணக்குக்கு முன்பே முடிந்துவிட்டன. குறைந்த எண்ணைச் சொல்லி நான் வாதத்தில் ஜெயித்தபோதெல்லாம் அந்த ஐம்பது ஆண்டை மேசைக்கு அடியில் தள்ளியிருக்கிறேன். கோவாவில் இந்தத் தர்க்கத்துக்கே இடமில்லை. 1560இலிருந்து 1812 வரை, நடுவில் நாலு வருடம் நீங்கலாக, அங்கே மன்றம் நடந்தது. அதன் ஆவணங்களில் பெரும்பகுதியை எரித்துவிட்டார்கள். அங்கே சாதகமாகப் பேசக்கூட நமக்குக் காகிதம் கிடையாது.

தொலைக்காட்சிக்கு ரத்தம் வேண்டியிருக்கிறது. அதனால்தான் இல்லாத கருவியைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. இருந்ததைக் காட்டவே தெரியவில்லை. பிடிபட்டவனிடம் யார் உன்மேல் புகார் சொன்னார் என்று சொல்ல மாட்டார்கள். என்ன குற்றம் என்பதையும் முதலில் சொல்ல மாட்டார்கள், "உன் மனசாட்சியைத் துழாவிச் சொல்" என்பார்கள். சொத்தை முடக்கிவைத்து, அவன் சிறைச் சாப்பாட்டுக்கு அதிலிருந்தே பணம் எடுப்பார்கள். தண்டனைக்குப் பிறகு, அவன் அணிந்த மஞ்சள் அங்கியைப் பெயர் எழுதிப் பங்குக் கோயிலில் தொங்கவிடுவார்கள். துணி நைந்துபோனால் புதிதாகத் தைத்து அதே பெயரோடு மாட்டுவார்கள். பேரனும் கொள்ளுப்பேரனும் பூசைக்கு வந்து அதன் கீழே மண்டியிட வேண்டும். இதை எந்தத் தொடராவது நிதானமாகக் காட்டியிருந்தால் நானே அணைத்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

நம் பக்கத்தில் நல்லவர் ஒருவரையும் அவர்கள் விட்டுவிட்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். 1610இல் ஸ்பெயினின் லொக்ரோஞ்ஞோ நகரில் சூனியக்காரர்கள் என்று சிலரை எரித்தார்கள். தீர்ப்பளித்த மூவரில் ஒருவரான சலசார் பிறகு கிராமம் கிராமமாகப் போய், ஆயிரத்து எண்ணூறு பேர் சொன்னதைக் கேட்டு எழுதி, இதில் ஒன்றுக்கும் சான்று இல்லை என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். மேலிடமும் 1614இல் ஏறக்குறைய ஏற்றுக்கொண்டது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் வேறு பல பகுதிகளில் சூனிய வேட்டை மும்முரமாக நடந்தது. பிழை செய்த மன்றத்துக்குள்ளேயே ஒருவர் கணக்குப் பார்க்க உட்கார்ந்தார் என்பது நல்ல நாடகம் இல்லையா? எடுக்க ஆள்தான் இல்லை.

போர்ஜியா குடும்பத்தைப் பற்றி ஒரே வருடத்தில், 2011இல், இரண்டு தொடர்கள் வந்தன. லுக்ரேசியாவின் விஷ மோதிரம் வெறும் வம்புப் பேச்சு. அவள் அப்பா ஆறாம் அலெக்சாந்தர் பாப்பரசராக இருந்துகொண்டே பிள்ளைகளுக்குப் பதவியும் நிலமும் வாங்கிக் கொடுத்தது வம்புப் பேச்சு இல்லை. அதற்கு மேல் அந்தத் தொடர்களைப் பற்றிப் பேச எனக்கு ஆர்வமில்லை.

என்னை உறுத்துவது அயர்லாந்து. அங்கே நடந்தது நாம் உயிரோடு இருக்கும்போது நடந்தது.

1999இல் அயர்லாந்தின் பொதுத் தொலைக்காட்சி ஆர்டிஇ, துறவற சபையார் நடத்திய, ஏழைப் பிள்ளைகளையும் அனாதைகளையும் தங்கவைத்த தொழிற்பள்ளிகளில் பிள்ளைகள் பட்ட பாட்டை மூன்று பாகங்களாக ஒளிபரப்பியது. மேரி ராஃப்டரி என்ற பத்திரிகையாளர் கல்வித் துறையின் கோப்புகளைத் தோண்டி, அங்கே வளர்ந்தவர்களையே பேச வைத்து எடுத்த தொடர். மிகைப்படுத்துகிறார், திருச்சபை மேல் வன்மம் என்று அவர் மேல் பாய்ந்தவர்கள் உண்டு. தொடர் முடிகிற சமயத்தில், மே 11ஆம் தேதி, பிரதமர் பெர்ட்டி அஹெர்ன் நாட்டின் சார்பில் அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டார். விசாரணைக் குழு அமைந்தது. 2009இல் வந்த அறிக்கை ஐந்து தொகுதி, சுமார் 2,600 பக்கம். ஆண் பிள்ளைகளின் விடுதிகளில் பாலியல் கொடுமை தொற்றுநோய் போல நிலைத்திருந்தது என்று அது எழுதியது. வன்மம் என்று ஏசப்பட்ட தொடர் அந்த அறிக்கை சொன்னதில் ஒரு துளியைத்தான் காட்டியிருந்தது.

சலவைக்கூடங்களின் கதை இன்னும் சிக்கல். 1922இலிருந்து 1996 வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கன்னியர் நடத்திய மகதலேன் சலவைக்கூடங்களில் கூலியில்லாமல் துணி வெளுத்தார்கள். ஆவணப்படங்களும் திரைப்படமும் வந்தன. 2013இல் அரசுக் குழு அறிக்கை கொடுத்தபோது, குழு நேரில் கேட்ட 118 பெண்களில் பலர் திரையில் வருகிற மாதிரியான அடி உதை தங்களுக்கு நேரவில்லை என்றார்கள். நம் ஆட்கள் உடனே "பார்த்தீர்களா, எல்லாம் கட்டுக்கதை" என்று கொண்டாடினார்கள். நானும்தான். அந்த 118 பேரில் 58 பேர் அப்போதும் அதே சபைகளின் பராமரிப்பில் வாழ்ந்தவர்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. தப்பித்து வந்த பெண்களுக்காக நின்றவர்கள் நூற்றுக்கணக்கான பக்கம் வாக்குமூலம் கொடுத்திருந்தும் அறிக்கையில் அதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்ற புகாரையும் படிக்கவில்லை. அடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கதவைப் பூட்டியிருந்தார்கள். பெயரை மாற்றினார்கள். எப்போது வெளியே விடுவார்கள் என்று பலரிடம் சொல்லவில்லை. 1993இல் டப்ளின் ஹை பார்க் மடத்தார் நிலத்தை விற்றபோது, அங்கே புதைக்கப்பட்டிருந்த 133 பெண்களைத் தோண்டி எடுக்க அனுமதி வாங்கினார்கள். தோண்டினால் மொத்தம் 155 பேர் இருந்தார்கள். கூடுதலாக வந்த 22 பேர் யார் யார் என்று தாளில் இல்லை. எந்த இயக்குநரும் இதை மிகைப்படுத்த வேண்டியதில்லை.

(அவர்களை அங்கே அனுப்பியதில் காவல்துறை, நீதிமன்றம், அரசு எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. நாலில் ஒரு பங்குக்கும் மேலான சேர்க்கைகளில் அரசின் கை இருந்ததாக அதே அறிக்கை காட்டியது. பெற்ற அப்பன்களே கொண்டுபோய் விட்ட பெண்களும் உண்டு. அதை எழுதும்போது எனக்குக் கை நின்றுவிட்டது.)

2006இல் பிபிசி, குருக்களின் பாலியல் குற்றங்களும் வத்திக்கானும் என்று ஒரு நிகழ்ச்சி போட்டது. 1962ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றைக் காட்டி, குற்றத்தை மூடி மறைக்க ரோம் கொடுத்த உத்தரவு இது என்றது. அந்த ஆவணம் முக்கியமாகப் பாவ அறிக்கை கேட்கும் இடமான பாவசங்கீர்த்தனத் தொட்டியைப் பயன்படுத்தித் தகாத முறையில் நடக்கிற குருக்களை விசாரிப்பதற்கான விதிமுறை, மறைக்கும் உத்தரவு அல்ல என்று இங்கிலாந்து ஆயர்கள் மறுத்தார்கள். நிகழ்ச்சியைப் பார்க்காமலே ஒரு கண்டனக் கடிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். ஆவணத்தைப் பொறுத்தவரை ஆயர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் 2019 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ், இத்தகைய வழக்குகளுக்கு இருந்த பாப்பரசின் ரகசியக் காப்பு இனி இல்லை என்று ஆணையிட்டார். ரகசியமே பிரச்சினையாக இல்லாவிட்டால் எதை நீக்கினார்? நான் கையெழுத்துப் போட்ட தாளில் குழந்தைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆனால் ஒன்று, மகளே. பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கிறோம் என்பதால் மட்டும் தொலைக்காட்சிக்கு எல்லா உரிமையும் வந்துவிடாது. 1999இல் அந்த அருமையான வேலையைச் செய்த அதே ஆர்டிஇ, 2011 மே மாதம் ஒரு குருவை, கென்யாவில் சிறுமியைக் கெடுத்துக் குழந்தை கொடுத்தவர் என்று ஒளிபரப்பியது. ஒளிபரப்புக்கு முன்பே அந்த மனிதர் மரபணுச் சோதனைக்குத் தயார் என்று சொல்லியிருந்தார். காத்திருக்கவில்லை. சோதனையில் அவர் தகப்பன் இல்லை என்று வந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு நஷ்டஈடு கொடுத்தது, ஒளிபரப்புக் கண்காணிப்பு ஆணையம் 2 லட்சம் யூரோ அபராதம் போட்டது. சில நாள் பொறுத்திருந்தால் போதும். ஒரு மனிதரைச் சொந்தப் பங்கு மக்கள் முன்னால் நிற்க முடியாதவராக ஆக்கிவிட்டு, அப்புறம் சரி செய்தார்கள். பிறகு உண்மையான புகாரோடு யார் வந்தாலும், "அன்று அவர் மேலும் இப்படித்தான் சொன்னீர்கள்" என்று என்னைப் போன்றவர்கள் கேட்க வழி கிடைத்துவிட்டது. இரும்புக் கன்னியும் அதே வேலையைத்தான் செய்கிறது. பொய் ஒன்றைக் கையில் கொடுத்தால், மிச்ச உண்மைகளை நாங்கள் அதை வைத்தே அடித்துவிடுவோம். உன் வயதில் தொடர் எடுக்கிற யாரையாவது உனக்குத் தெரிந்தால் இதைச் சொல்.

இந்தச் சண்டைகளில் திருச்சபை உருப்படியாகச் செய்ததென்றால் கதவு திறந்ததுதான். 1998இல் இன்குவிசிஷன் ஆவணங்களை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2000 மார்ச் 12 அன்று இரண்டாம் ஜான்பால் பூசையில் நின்று மன்னிப்பு வேண்டினார். 2020இல், இரண்டாம் உலகப்போரின்போது பாப்பரசராக இருந்த பன்னிரண்டாம் பயஸ் காலத்துக் கோப்புகள் திறந்தன. மூன்றே வருடத்தில், நாஜிகளின் பெல்செக் கொலை முகாமில் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் கொல்கிறார்கள் என்று 1942 டிசம்பரிலேயே ஜெர்மன் சேசு சபைக் குரு ஒருவர் பாப்பரசரின் செயலருக்கு எழுதிய கடிதம் வெளியே வந்தது. அதைக் கண்டெடுத்தவர் வத்திக்கானின் சொந்த ஆவணக் காப்பாளர். கண்டனக் கடிதம் எழுதிய எங்கள் யாருக்கும் அந்தத் துணிச்சல் இருந்ததில்லை.

இவ்வளவையும் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். "எது பொய்" என்று நீ கேட்டது, "எது உண்மை" என்று நான் சொல்ல வேண்டிய இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும் என்று பயந்தேன். சின்ன வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நீ கோயிலுக்கு வந்தாய். இப்போது நீ போகிறாயா இல்லையா என்று நான் கேட்பதில்லை. இதற்கு அந்தத் தொடர் காரணமில்லை என்று எனக்குத் தெரியும்.

விடுமுறைக்கு வருவதாக அம்மாவிடம் சொன்னாயாம். மூன்றாம் பாகத்தில் நிறுத்தினோம், இன்னும் மூன்று பாக்கி. ரிமோட் உன்னிடமே இருக்கட்டும். அந்த ஆணிப் பெட்டி திரும்ப வந்தால் மட்டும் நான் கொஞ்சம் முணுமுணுப்பேன்.

அன்புடன்,
அப்பா