கோல்ஃப் பயிற்சி தொடங்குமுன்: மட்டைகள், பந்து, திடல் பற்றிப் பெற்றோருக்குச் சில விவரங்கள்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். மூன்றாம் தவணையின் இரண்டாம் வாரத்திலிருந்து தொடக்கநிலை 4, 5 மாணவர்களுக்குக் கோல்ஃப் இணைப்பாட நடவடிக்கை தொடங்குகிறது. பயிற்சி சனிக்கிழமை காலைகளில் நடக்கும். பெயர் கொடுத்த பெற்றோரில் பலரும் கேட்பது ஒன்றே: பிள்ளைக்கு என்னென்ன வாங்க வேண்டும்? முதல் ஆறு வாரத்துக்கு மட்டை எதுவும் வாங்க வேண்டாம். பள்ளியே இரவல் தரும். தொப்பி, தண்ணீர்ப் புட்டி, பிடிப்புள்ள விளையாட்டுக் காலணி, ஒரு கையுறை, இவ்வளவு இருந்தால் போதும். ஆறு வாரத்துக்குப் பிறகும் பிள்ளைக்கு ஆர்வம் குறையவில்லை என்றால், அப்போது கடைக்குப் போகலாம். கடைக்காரர் என்ன பேசுகிறார், வாங்கும் பொருள் பிள்ளைக்குப் பொருந்துமா என்று தெரிந்துகொண்டு போவதற்காகவே இதை விரிவாக எழுதுகிறோம்.

மட்டைகளிலிருந்து ஆரம்பிப்போம். விதிப்படி ஓர் ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரை கொண்டு போகலாம். அது உச்சவரம்பு. அத்தனையும் வேண்டும் என்று விதி சொல்லவில்லை. மட்டைக்கு மட்டை முக்கியமாக வேறுபடுவது இரண்டு விஷயங்களில்: தண்டின் நீளம், பந்தைத் தொடும் பக்கமான முகத்தின் சாய்வு. சாய்வைக் கோல்ஃபில் லாஃப்ட் என்பார்கள். சாய்வு கூடக்கூடப் பந்து உயரமாக எழும்பும், குறைந்த தூரம் போகும். டிரைவர்தான் மிக நீளமானது, அதன் சாய்வு 9 முதல் 12 பாகை. அடுத்து, தூரம் அடிக்கப் பயன்படும் பருத்த தலையுள்ள வுட், வுட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்ட ஹைப்ரிட் வகைகள். 5 எண் வுட்டுக்கு 18 பாகை அளவில் இருக்கும். மெல்லிய உலோகத் தலையுள்ள அயர்ன்களில் எண் ஏற ஏறத் தண்டு குட்டையாகும், சாய்வு கூடும்: 7 அயர்ன் 30 முதல் 34 பாகை, 9 அயர்ன் 40 பாகையை ஒட்டி. வெட்ஜ்கள் பச்சைக்கு, அதாவது குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டிய புல்தரைக்கு, பக்கத்திலிருந்து பந்தைத் தூக்கிப் போட உதவுபவை. பிச்சிங் வெட்ஜ் 44 முதல் 48, மணலிலிருந்து எடுக்கும் சேண்ட் வெட்ஜ் 54 முதல் 56. பந்தை உருட்டும் பட்டருக்கு 3, 4 பாகைதான்.

ஆரம்பிக்கும் பிள்ளைக்கு ஐந்து மட்டை போதும்: ஒரு ஹைப்ரிட் அல்லது 5 வுட், 7 அயர்ன், 9 அயர்ன், சேண்ட் வெட்ஜ், பட்டர். டிரைவரை நாங்கள் வேண்டுமென்றே பட்டியலில் சேர்க்கவில்லை. பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான் என்பது தெரியும். ஆனால் தண்டு நீளமாகவும் சாய்வு குறைவாகவும் இருப்பதால் சிறு பிழையைக்கூட அது பெரிதாக்கிக் காட்டும், பந்து வளைந்து காட்டுக்குள் போய்விடும். பத்து வயதுப் பிள்ளை 7 அயர்னை நேராக அடிக்கப் பழகிய பிறகு டிரைவரைக் கையில் எடுத்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

இனி நாங்கள் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் விஷயம், நீளம். வீட்டில் அப்பாவோ மாமாவோ ஆடிய பழைய மட்டையை அறுத்துக் குட்டையாக்கிப் பிள்ளைக்குத் தரும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். தண்டை மேல்முனையில் அறுத்தால் நீளம்தான் குறையும். தலையின் எடை குறையாது, தண்டு முன்பைவிட விறைப்பாகிவிடும். பெரியவருக்கான பிடியை மறுபடி மாட்டினால் சின்ன விரல்கள் அதைச் சுற்றி வளைக்கவே முடியாது. எடையைத் தாங்க முடியாத பிள்ளை மட்டையைப் பின்னே கொண்டுபோகும்போது உடம்பை வளைத்து ஈடுகட்டும். அந்த வளைவு ஒரு தடவை பழகிவிட்டால் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். சிறுவர் மட்டைகளின் தண்டு மெல்லிய கிராஃபைட்டால் ஆனது, தலை இலேசானது, பிடி ஒல்லியானது. வயதைச் சொல்லி வாங்காதீர்கள், உயரத்தை அளந்து வாங்குங்கள். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு சாண் உயர வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

கடையில் சோதித்துப் பார்ப்பது எளிது. பிள்ளை காலணியோடு நிற்கட்டும். 7 அயர்னைப் பிடித்து, முழங்காலைச் சற்றே மடக்கி, இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்து, பந்தை அடிக்கும் நிலைக்கு வரட்டும். மட்டையின் மேல்முனைக்கும் தொடைக்கும் நடுவே பெரியவரின் ஒரு கை முஷ்டி நுழையுமளவு இடைவெளி இருக்க வேண்டும். மேல்முனை வயிற்றில் இடித்தால் மட்டை நீளம். அடுத்து, மட்டைத் தலையின் அடிப்பாகத்தைக் கவனியுங்கள். நுனிப்பக்கம் இலேசாகத் தூக்கி, 10 காசு நாணயம் ஒன்றிரண்டு அதன் கீழே நுழைவது சரியான அளவு. வீசும் வேகத்தில் தண்டு கொஞ்சம் கீழ்நோக்கி வளைவதால் பந்தைத் தொடும் நேரத்தில் அடிப்பாகம் சமமாகிவிடும். நுனி அதற்கு மேலும் தூக்கியிருந்தால், வலக்கை ஆட்டக்காரர் அடிக்கும் பந்து இடப்பக்கம் போகும். தண்டு சேரும் குதிப்பக்கம் தூக்கியிருந்தால் வலப்பக்கம் போகும். இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, பிள்ளைக்கு அடிக்கத் தெரியவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை. வளரும் பிள்ளைதானே என்று ஓர் அளவு பெரிதாக வாங்க நினைத்தால், பிடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே இறக்கிப் பிடித்துச் சமாளிக்கும் அளவுக்கு மேல் போக வேண்டாம்.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளுக்கு இடக்கை மட்டைதான் தர வேண்டும். படிவத்தில் மறக்காமல் குறிப்பிடுங்கள், பள்ளியில் இருப்பு குறைவு.

கையுறை ஒரு கைக்கு மட்டும். வலக்கை ஆட்டக்காரர் இடக்கையில் போடுவார். உள்ளங்கையில் சுருக்கம் விழாமல் ஒட்டியிருக்க வேண்டும், விரல் நுனியில் துணி தொங்கக் கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் தோல் கையுறை ஒரே காலையில் நனைந்துவிடும். அப்படியே பைக்குள் திணித்தால் மறுவாரம் காய்ந்து விறைத்து, பூஞ்சை பிடித்துக் கிடக்கும். துணி கலந்த, எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற வகையைப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கிறோம். எதுவானாலும் கழற்றியவுடன் விரல்களை நீவி விரித்து நிழலில் காயப் போடுங்கள். பிடிகளிலும் வியர்வைப் பிசுக்கு ஏறும். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, ஈரம் போகக் காயவிட்டால் போதும். வழுக்கும் பிடியைப் பிள்ளை இறுக்கிப் பிடிக்கும். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு கட்டிப்போகும், வீச்சும் மட்டையின் வேகமும் குறைந்துவிடும்.

பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மேலே உள்ள குழிகள் அழகுக்காக அல்ல. அவை பந்தை ஒட்டி ஓடும் காற்றைக் கலக்கி, பின்னிழுக்கும் தடையைக் குறைக்கின்றன. பின்சுழற்சியோடு சேர்ந்து பந்தை மேலே தூக்கவும் உதவுகின்றன. வழவழப்பான பந்து அதே அடிக்கு ஏறத்தாழப் பாதித் தூரம்தான் போகும். விலை உயர்ந்த பல அடுக்குப் பந்துகள் ஆரம்பநிலைக்குத் தேவையில்லை. இரண்டு அடுக்குப் பந்து போதும், தொலைந்தாலும் மனசு வலிக்காது.

ஒரு கண்டிப்பான வேண்டுகோள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்திலோ, தாழ்வாரத்திலோ, பூங்காவிலோ கெட்டிப் பந்தை அடிக்க விடாதீர்கள். அது ஒருவரின் தலையில் பட்டால் விளைவு மோசமாக இருக்கும். வீட்டில் பழகுவதற்குப் பட்டர் மட்டும் போதும். வரவேற்பறைப் பாயில் ஓர் எவர்சில்வர் தம்ளரைப் படுக்க வைத்து, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பந்தை உருட்டச் சொல்லுங்கள். தம்ளரின் வாய் ஏழெட்டு சென்டிமீட்டர்தான், உண்மையான குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். தம்ளருக்குள் போடப் பழகிய பிள்ளைக்குத் திடலில் குழி பெரிதாகத் தெரியும்.

சில்லறைச் சாமான்கள் மூன்று. டீ என்பது பந்தை நிறுத்தும் சிறு மரக்குச்சி. அயர்னுக்குத் தரையை ஒட்டிக் குத்த வேண்டும். டிரைவருக்குப் பந்தின் பாதி, மட்டைத் தலையின் மேல்விளிம்புக்கு மேலே தெரியவேண்டும். மார்க்கர் என்பது பச்சையில் பந்தை எடுக்குமுன் அதன் பின்னால் வைக்கும் அடையாளம், ஒரு நாணயமே போதும். மூன்றாவது, பந்து விழுந்த பள்ளத்தைச் சரிசெய்யும் இருமுனைக் கவை. இதைப் பெரியவர்களே பலர் தப்பாகச் செய்கிறார்கள். கவையைப் பள்ளத்தின் அடியில் விட்டு நெம்பித் தூக்கினால் புல்லின் வேர் அறுந்து அந்த இடம் கருகிவிடும். பள்ளத்தின் ஓரத்துக்குச் சற்று வெளியே குத்தி, சுற்றியுள்ள புல்லை நடுப்பக்கமாகத் தள்ளிச் சேர்க்க வேண்டும். நாலு பக்கமும் அப்படித் தள்ளியபின் பட்டரின் அடியால் தட்டிச் சமப்படுத்த வேண்டும். எங்கள் மாணவர்கள் முதல் பாடத்திலேயே இதைக் கற்பார்கள்.

அடுத்து, பிள்ளை வீட்டுக்கு வந்து பேசப்போகும் சொற்கள். முழு ஆட்டத்துக்கு 18 குழிகள். ஒவ்வொன்றும், குச்சியைப் போலவே டீ எனப்படும் தொடக்க இடத்தில் ஆரம்பித்து, கொடி நட்டிருக்கும் பச்சையில் முடியும். நடுவே குட்டையாக வெட்டிய புல் ஃபேர்வே, ஓரத்தில் வளர்ந்த புல் ரஃப், மணல் குழி பங்கர். சிவப்பு அல்லது மஞ்சள் கம்பம் நட்ட பகுதி அபராதப் பகுதி, பெரும்பாலும் குளம் அல்லது ஓடை. வெள்ளைக் கம்பத்துக்கு அப்பால் எல்லை முடிந்தது: ஓர் அடி அபராதம் சேர்த்துக்கொண்டு, முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் அடிக்க வேண்டும். காணாமற்போன பந்தைத் தேட 2019 முதல் 3 நிமிடம்தான், அதற்கு முன் 5.

பார் என்பது ஒரு குழியைத் தேர்ந்த ஆட்டக்காரர் முடிக்க எதிர்பார்க்கப்படும் அடிகள், வழக்கமாக 3, 4 அல்லது 5. அதைவிட ஓர் அடி குறைந்தால் பெர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், ஓர் அடி கூடினால் போகி, இரண்டு கூடினால் டபுள் போகி. பார் 4 குழியில் உங்கள் பிள்ளை 8 அடித்தேன் என்று வந்து சொன்னால் அது நல்ல தொடக்கம், வருத்தப்பட ஒன்றுமில்லை. பந்தை அடிக்க வீசி, மட்டை அதில் படாமல் போனாலும் அது ஓர் அடியாகவே எண்ணப்படும். அட்டையில் நேர்மையாக எழுதும் பழக்கத்தை நீங்களும் வீட்டில் ஆதரிக்க வேண்டும், ஏனென்றால் இந்த ஆட்டத்தில் பெரும்பாலும் நடுவர் பக்கத்தில் நிற்பதில்லை. ஹேண்டிகேப் என்பது திறமை வேறுபட்டவர்கள் சமமாக ஆட உதவும் எண். 2020ல் வந்த உலகப் பொது முறையில் அதன் உச்சம் 54.

அடி பிசகும்போது பிள்ளைகள் சொல்லும் பெயர்களும் உண்டு. பந்தின் தலையில் பட்டுத் தரையில் ஓடினால் டாப். பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று பிள்ளை நெஞ்சை நிமிர்த்துவதால் வருவது அது. தூக்குவது முகச் சாய்வின் வேலை, பிள்ளை கீழ்நோக்கி அடித்தால் போதும். பந்துக்கு முன்பே மண்ணைத் தோண்டினால் ஃபேட். எடை பின்காலிலேயே தங்கிவிட்டது, அல்லது மட்டை நீளம். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து வலப்பக்கம் வளைந்தோடினால் ஸ்லைஸ். வீச்சின் பாதைக்கு மட்டையின் முகம் திறந்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் பிடியைப் பாருங்கள். மேலிருந்து குனிந்து பார்க்கும் பிள்ளைக்குத் தன் இடக்கை விரல் முட்டிகளில் குறைந்தது இரண்டு தெரிய வேண்டும். இடப்பக்கம் வளைந்தால் ஹூக். சின்னக் கைகளுக்குப் பத்து விரலும் பிடியில் படும் பிடிப்பே நல்லது, விரல்களைக் கோத்துப் பிடிப்பது பிறகு வரட்டும்.

பாதுகாப்பில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஒருவர் வீசும்போது மற்றவர்கள் நான்கு மீட்டர் தள்ளி, அவர் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். எல்லோரும் அடித்து முடித்து ஆசிரியர் சொல்லும்வரை யாரும் கோட்டைத் தாண்டிப் பந்தெடுக்கப் போகக் கூடாது. பந்து ஆள் இருக்கும் பக்கம் போனால் உரக்க ‘ஃபோர்’ என்று கத்த வேண்டும். அதைக் கேட்பவர் பந்தைத் தேடி நிமிர்ந்து பார்க்காமல் தலையைக் கைகளால் மூடிக் குனிய வேண்டும். மூன்றாம் தவணை சுமத்ரா சூறைக்காற்றுக் காலம், விடியற்காலையிலும் முற்பகலிலும் இடிமழை திடீரென்று வரும். உலகில் மின்னல் மிகுந்த இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. இடி கேட்டவுடன் பயிற்சி நிறுத்தப்பட்டுப் பிள்ளைகள் கட்டடத்துக்குள் வருவார்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே விட மாட்டோம். அன்று நேரம் வீணாயிற்று என்று எங்களிடம் வருத்தப்பட வேண்டாம்.

கோல்ஃப் நமக்குத் தூரமான ஆட்டம், பணக்காரர் ஆட்டம் என்று சில பெற்றோர் தயங்குவது எங்களுக்குத் தெரியும். 1891ல் சிங்கப்பூர் கோல்ஃப் கிளப் தொடங்கியபோது ஆட்டம் நடந்தது ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலில், இன்று நீங்கள் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகும் ரேஸ் கோர்ஸ் ரோட்டின் பக்கத்தில். அன்று அது சிலருக்கு மட்டுமே திறந்திருந்தது. இன்று பள்ளி மட்டையோடு எந்தப் பிள்ளையும் தொடங்கலாம், அதற்காகவே இந்த நடவடிக்கையைக் கொண்டுவந்தோம். பணம் ஒரு தடையாக இருந்தால் வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள், கையுறையும் காலணியும் உட்பட ஏற்பாடு செய்கிறோம்.

ஒப்புதல் படிவத்தில் பிள்ளையின் உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதி, வலக்கையா இடக்கையா என்று குறித்து, முதல் வார வெள்ளிக்கிழமைக்குள் உடற்கல்வி ஆசிரியரிடம் சேர்ப்பியுங்கள். ஆஸ்துமா, மணிக்கட்டு அல்லது முதுகு வலி இருந்தால் அதையும் எழுதுங்கள். உயரம் இல்லாத படிவத்துக்கு மட்டை ஒதுக்க இயலாது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்