ஸ்டார் தொங்குற வீட்ட தாண்டிப் போற கேரல் ரவுண்ட்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

டிசம்பர் வந்தாலே பேப்பர்ல கேக் படம், குடில் படம், சாந்தோம் சர்ச் லைட்டிங் படம் எல்லாம் வந்துடுது, பார்க்க சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா கிறிஸ்தவங்க நாங்க எங்களுக்குள்ளயே ஒருத்தர ஒருத்தர் எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கோம்னு ஒரு தடவ எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு, கொஞ்சம் நீளமாப் போனா வெட்டிப் போட்டுக்கோங்க.

எனக்கு தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கத்துல ஒரு கிராமம், அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டுறேன், மெட்ராஸ் வந்து பதினாறு வருஷம் ஆச்சு. ஊர்ல ஐக்கியம்ங்கிற வார்த்தைய பிரசங்கத்துல கேட்டிருப்பேன், ஆனா அது என்னன்னு தெரிஞ்சது அசனத்துலதான், சபையே சேர்ந்து சமைச்சு சாப்பிடுற விருந்து அது. முதல் நாள் ராத்திரியே ஆம்பளைங்க எல்லாம் கோயிலுக்கு (சர்ச்ச நாங்க அப்படித்தான் சொல்வோம்) பின்னாடி அடுப்பு கூட்டி விடிய விடிய கறி வெட்டி, வெங்காயம் உரிச்சு, கதை பேசி, மறுநாள் ஊரே வரிசையா தரையில உட்கார்ந்து ஒரே சோறு ஒரே குழம்பு, வாத்தியாருக்குப் பக்கத்துல பனை ஏறுறவர். ஊரை ரொம்பவும் புகழக்கூடாது, கமிட்டி எலெக்‌ஷன் வந்தா அதே பந்தியில உட்கார்ந்தவங்க முகம் பார்த்துக்க மாட்டாங்க, தமிழ்நாட்டுல சில ஊர்ல கல்லறைத் தோட்டத்துலயே சாதிக்கு ஒரு பக்கம்னு சுவர் நிக்குது, அதையும் சொல்லணும்ல. ஆனா ரெண்டு வாரம் நீங்க கோயிலுக்கு வரலன்னா சபைய கவனிச்சுக்கிற உபதேசியார் சைக்கிள வாசல்ல சாத்திட்டு "என்னப்பா, காய்ச்சலா"ன்னு கேட்டுக்கிட்டு வந்துருவார்.

இங்க ஆராதனை முடிஞ்சு அஞ்சு நிமிஷத்துல பைக் ஸ்டார்ட் ஆகுற சத்தம்தான். அடுத்த சர்வீஸ்காரங்க பார்க்கிங்குக்கு வெளிய நிக்கிறாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. எனக்குப் பக்கத்து பெஞ்சுல ஒரு பெரியவர் ஆறு வருஷமா உட்கார்ந்தார், சமாதானம் சொல்லிக்கிற நேரத்துல வாராவாரம் கை குடுப்போம், அவ்வளவுதான் பழக்கம். ஒரு வாரம் வரல, அப்புறம் வரவே இல்ல. வீடு மாறிட்டாரா, முடியாம இருக்காரா, என்ன ஆச்சுன்னு யார்கிட்டயாவது கேக்கலாம்னு பார்த்தா எனக்கு அவர் பேரு தெரியல. ஆறு வருஷம் சார்.

எனக்குன்னு கூட்டாளிங்க கிடைச்சது கம்பெனி ஸ்டோர் ரூம்ல. வியாழக்கிழமை மத்தியானம் அஞ்சு பேர் டிபன் பாக்ஸ தூக்கிட்டு உள்ள போயிடுவோம், சாப்பாடு, அப்புறம் பத்து நிமிஷம் ஜெபம். ஒரு அண்ணன் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்), வருஷா வருஷம் காவி கட்டிட்டு வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர், ரெண்டு பேர் பெந்தெகொஸ்தே, ஒரு தம்பி தரங்கம்பாடிப் பக்கம், லுத்தரன். அவன் "எங்க லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706லயே எங்க ஊர்ல வந்து இறங்கிட்டார், நாங்கதான் சீனியர்"ம்பான், உடனே அண்ணன் "எங்க புனித சவேரியார் 1542லயே தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்துறைக்கு வந்தாச்சு, நீ ரசத்த ஊத்து"ம்பார். சிரிப்பா போயிட்டிருந்ததுல ஒரு நாள் ஞானஸ்நானம் பத்திப் பேச்சு வந்து, குழந்தைக்குத் தெளிக்கிறது செல்லுமா, முழுக்குதான் சரியான்னு ஆரம்பிச்சு சத்தமாயிடுச்சு, ரெண்டு வாரம் யாரும் ஸ்டோர் பக்கமே போகல. அப்புறம் அந்த ரெண்டு பெந்தெகொஸ்தேக்காரங்கள்ல ஒருத்தரோட அப்பா ராத்திரி பதினொரு மணிக்கு இறந்துட்டார், ஃபோன் வந்ததும் முதல்ல போய் நின்னு ஃப்ரீசர் பாக்ஸுக்குச் சொல்லி, சேர் இறக்கி, விடியக்காலையில டீ வாங்கிக் குடுத்தது அந்த ஆர்.சி. அண்ணன்தான். முழுக்கைப் பத்தி இனிமே பேசக்கூடாதுன்னு யாரும் ரூல் போடல, பேசுறதில்ல, அவ்வளவுதான். இப்ப எங்க மெயின்டனன்ஸ்ல இருக்கிற முருக பக்தர் ஒருத்தரும் மீன் குழம்புக்காகவே வியாழக்கிழமை வந்து உட்கார்றார், ஜெபத்துக்கும் இருந்துட்டுத்தான் போறார்.

நான் எழுத வந்ததே கேரல் ரவுண்ட்ஸ் பத்தி, அதான் வீடு வீடாப் போய் கிறிஸ்மஸ் பாட்டு பாடுறது. போன வருஷம் எங்க தெருவுக்கு எங்க கோயில் கேரல் டீம் வந்துச்சு (எந்தக் கோயில்னு சொல்லல, எல்லா இடத்துலயும் இதே கதைதான்), கிட்டாரு, கிறிஸ்மஸ் தாத்தா, கையில வீட்டு லிஸ்ட். நானும் கூடப் போனேன். எங்க வீட்டுக்கு மூணாவது வீட்டுல பெரிய ஸ்டார் தொங்குது, குடில் வச்சிருக்காங்க, ஒரு சின்னப் பொண்ணு கேட்டப் பிடிச்சுட்டு நிக்குது, நாங்க மேளத்தோட தாண்டிப் போயிட்டோம். கேட்டதுக்கு "லிஸ்ட்ல இல்லண்ணே, ஆர்.சி. வீடு, டைம் வேற ஆயிடுச்சு"ன்னாங்க. மறுநாள் மனசு கேக்காம நானும் வீட்டம்மாவும் அச்சு முறுக்கு எடுத்துட்டுப் போனோம், அந்தம்மா நல்லாத்தான் உள்ள கூப்பிட்டாங்க, கடைசியில கிளம்பும்போது "மேளச் சத்தம் கேட்டதும் நீங்க எல்லாரும் வருவீங்கன்னு சுக்கு காபி போட்டு வச்சேன் தம்பி"ன்னாங்க. எங்க ரெண்டு பேருக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல.

அதுக்கப்புறம் பழக்கமாயிடுச்சு. அவங்க பக்கத்துல அன்பியம்னு ஒண்ணு இருக்கு, தெருத்தெருவா வீடுகளச் சேர்த்து வீட்டுலயே கூடுறாங்க, என்னையும் கூப்பிட்டாங்க. அவங்க ஜெபமாலை சொல்லும்போது நான் பாட்டுக்கு சும்மா உட்கார்ந்திருந்தேன், வானம் ஒண்ணும் இடிஞ்சு விழல. அங்க யாரு வீட்டுல யாருக்கு சுகர், யாரு பையனுக்கு வேலை போச்சுன்னு எல்லாருக்கும் தெரியுது சார், எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

இத்தனைக்கும் நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). நாடு விடுதலையான ஆறே வாரத்துல, 1947 செப்டம்பர் 27ந்தேதி, இதே மெட்ராஸ்ல செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாரும் ஒண்ணா சேர்ந்து உண்டானது எங்க சபை. பிஷப் இருக்கணுமா வேண்டாமான்னு வருஷக்கணக்கா உட்கார்ந்து பேசித் தீர்த்தாங்க நம்ம பெரியவங்க, நமக்கு மூணாவது வீட்டு கேட்டத் திறக்க லிஸ்ட் பார்க்க வேண்டியிருக்கு.

அதனால கேரல் டீம் வச்சிருக்கிற எல்லா சபைக்காரங்களுக்கும் உங்க பேப்பர் வழியா ஒரு வேண்டுகோள், ஸ்டார் தொங்குதா, நில்லுங்க, ஒரு பாட்டு பாடுங்க, ஒரு வீட்டுக்கு நாலு நிமிஷம்தான் ஆகும். ஆராதனை முடிஞ்சு பக்கத்துல இருக்கிறவர் பேரையாவது கேட்டுட்டு பைக்க எடுங்க, நான் கேக்காம விட்டவன், அதனால சொல்றேன்.

எங்க டீம்கிட்ட இந்த வருஷம் முன்னாடியே சொல்லிட்டேன், "பார்க்கலாம்ணே"ன்னு சொல்லியிருக்காங்க. அந்தம்மா எத்தனை டம்ளர் சுக்கு காபி போடணும்னு நேத்து கேட்டாங்க, நான் இருபதுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
அம்பத்தூர்.