வரவு வைத்தவன்

மாப்ள,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு, ஆனால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு. இங்கே சுகம்தான், மலேரியா ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

அலபா சந்தை பற்றிச் சொல்லியிருக்கிறேனே, நைஜீரியாவில் லாகோஸ் நகரத்தில் டிவியும் ஸ்பீக்கரும் மலைமலையாகக் குவிந்திருக்கும். அங்கே எங்களிடம் சரக்கெடுக்கும் ஒரு முதலாளி, இக்போ இனத்துக்காரர். 'ஓகா' என்பார்கள். அவர் கடையில் ஒரு பையன், ஆறு வருஷமாக. சம்பளம் கிடையாது. சோறு, துணி, படுக்கை எல்லாம் ஓகா வீட்டில்; கார் கழுவுவதும் அவன்தான். இதற்கு 'இக்பா-போயி' என்று பேர். போயி என்றால் நம்ம பாய்தான். பேசிய வருஷம் முடிந்ததும் ஓகா முதல் போட்டுத் தனிக்கடை வைத்துக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு குடும்பத்துக்கும் இடையில் வாய்ப்பேச்சுதான்.

மாமா கடையில் நீ உழைத்ததற்கு அவர் கொடுத்தது ஒரு சைக்கிள். அதுவும் பஞ்சர்.

இக்போக்கள் தனிநாடு கேட்டு நடத்திய பியாஃப்ரா போர் 1970இல் தோல்வியில் முடிந்தபோது, பேங்கில் எவ்வளவு போட்டிருந்தாலும் அவர்கள் கைக்கு வந்தது 20 பவுண்டு. அதிலிருந்து எழுந்தது இந்தப் பழக்கத்தால்தான் என்பார் ஓகா. ன்னெவி ஊரில் மோட்டார்சைக்கிள் பார்ட்ஸ் விற்கத் தொடங்கிய ஓர் இக்போக்காரர் இன்று இன்னோசன் என்று வண்டித் தொழிற்சாலையே நடத்துகிறார். ஓகாவும் மூன்று பேருக்குக் கடை வைத்துக் கொடுத்திருக்கிறார். ஒருத்தன் எதிர் வரிசையிலேயே போட்டிக்கு உட்கார்ந்திருக்கிறான்! இவரிடம் சரக்கு தீர்ந்தால் அவனிடம்தான் ஆள் அனுப்புவார்.

இந்தப் பையனுக்கு டிசம்பரில் கெடு. போன மாதம் திருடன் என்று துரத்திவிட்டார். கெடு நெருங்கும்போது சில ஓகாக்கள் வேண்டுமென்றே இப்படிப் பழி போடுவதுண்டு. இவரும் அந்த ரகம்தான் என்று நானே சந்தையில் சொல்லித் திரிந்தேன்.

நேற்று ராத்திரி பேரேட்டைப் புரட்டினேன். பையன் எங்களிடம் பணம் கட்டியிருக்கிறான் மாப்ள. அதை வேறொரு கடைப் பெயரில் வரவு வைத்தது நான். ஓகா போனில் கேட்டபோது "வரவில்லை" என்று சொன்னதும் நான்தான்.

மேனேஜர் ஆடிட் முடியட்டும் என்கிறார். உன் மாமா கடையில் அந்த நூறு ரூபாய் விவகாரத்தில் நீ மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாயே, ராத்திரி பூரா அதுதான் ஞாபகம். நாளைக் காலை பேரேட்டைத் தூக்கிக்கொண்டு ஓகாவிடம் போகிறேன். பையன் அனாம்பிரா மாநிலத்தில் இருக்கும் சொந்த ஊருக்குப் போய்விட்டானாம், போன் அடித்தால் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. வேலை இருக்குமா என்று அப்போது சொல்கிறேன்.

உன்,
குண்டன்