தடுப்பூசிச் சான்றிதழில் பெயரை மாற்றித் தரச் சொல்கிறவர்களுக்கு

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஹட்டனில் உள்ள எங்கள் போட்டோகொபி கடைக்குத் தடுப்பூசிச் சான்றிதழோடு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "தம்பி, பெயரில் ஓர் எழுத்துத்தான் பிழை. கணினியில் திருத்தித் தர முடியாதா?" முடியாது. ஏன் என்று நின்று விளக்கக் கடைக் கூட்டம் விடுவதில்லை; அதனால் எழுதுகிறோம்.

சான்றிதழில் இருக்கும் கியூ.ஆர். சதுரத்துக்குள் உங்கள் பெயர், பிறந்த திகதி, போட்ட ஊசி, போட்ட நாள் எல்லாம் அடங்கியிருக்கின்றன. கூடவே வழங்கியவரின் மின்கையொப்பமும் இருக்கிறது. கையொப்பமிடும் இரகசியச் சாவி, அதாவது கணினி பயன்படுத்தும் ஒரு நீண்ட எண், வழங்கிய அமைப்பிடம் மட்டும் இருக்கும். சரிபார்க்கும் சாவி எல்லோருக்கும் பொது. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கோவிட் சான்றிதழ் 2021 ஜூலை 1 முதல் 2023 ஜூன் 30 வரை இப்படித்தான் இயங்கியது. அந்த முறையையே உலக சுகாதார நிறுவனம் பிறகு, நாடுகள் ஒன்றின் சான்றிதழை ஒன்று சரிபார்க்க உதவும் தன் வலையமைப்புக்கு எடுத்துக்கொண்டது. தாளின் மேல் அச்சான பெயரை நாங்கள் மாற்றினாலும் சதுரத்துக்குள் பழைய பெயர்தான் இருக்கும். இரண்டையும் ஒப்பிடும் அதிகாரியின் கண்ணில் அது போலிச் சான்றிதழ்.

மலையகத்தில் பெயர்ப் பிழை எப்படி வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்ட ஓர் அக்காவின் தாள்களை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். பிறப்புச் சான்றிதழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன பெயரில் 'வீ'. அடையாள அட்டையில் சிங்களம் வழியாக வந்ததில் 'டபிள்யூ'. கடவுச்சீட்டிலோ தகப்பன் பெயர் முன்னால். மூன்றும் அவரேதான். ஊசி போடப் போகும்போதே கடவுச்சீட்டைக் கொண்டுபோங்கள், அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். பிழை வந்துவிட்டால், பதிவு இருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில்தான் திருத்தம் கேட்க வேண்டும். வரிசையில் நிற்கும் ஒரு நாள் சம்பளம் உங்களுக்குச் சிறிய இழப்பு இல்லை என்பது தெரிந்தே சொல்கிறோம்.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். முன்பு சிலருக்குச் சான்றிதழை அடையாள அட்டை அளவுக்குச் சுருக்கி லெமினேட் செய்து கொடுத்தோம். சதுரத்தின் சின்னக் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. பிளாஸ்டிக்கில் விளக்கு வெளிச்சம் பட்டு மினுங்கியது. கட்டுநாயக்க விமான நிலையம் வரை போன ஒரு தம்பி, கைத்தொலைபேசியில் படம் இருந்ததால் தப்பினார். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். இப்போது சதுரத்தைச் சுருக்குவதில்லை, சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை வெட்டுவதும் இல்லை. கொடுக்குமுன் எங்கள் கைத்தொலைபேசியில் வாசித்துப் பார்க்கிறோம்.

வெளிநாட்டுப் பயணத்துக்கான தடுப்பூசிகளைப் பதியும் மஞ்சள் அட்டையை லெமினேட் செய்யக் கேட்காதீர்கள். அடுத்த ஊசியைப் பதிய அதில் இடம் வேண்டும். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்குத் தேவைப்படும் மஞ்சள் காய்ச்சல் ஊசி, போட்டு 10 நாட்களுக்குப் பிறகே அட்டையில் செல்லுபடியாகும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுவதற்கும் போதும். பயண டிக்கெட்டை எடுக்குமுன் நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள்.

எந்தச் சான்றிதழும் ஊசி போட்டதற்குத்தான் சாட்சி. இனி நோய் அண்டாது என்று அது உறுதி சொல்லவில்லை. கோவிட் வந்து குணமானவர்களுக்கு 'எதிர்ப்புச் சக்திக் கடவுச்சீட்டு' கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரலிலேயே எச்சரித்தது. காய்ச்சல் வந்தால் தாளை நம்பி வீட்டில் இருக்காமல் வைத்தியரைப் பாருங்கள்.

பிள்ளைகளின் ஊசிகளைப் பதியும் கிளினிக் கொப்பி வேறு விஷயம். தோட்டத்து லயன் வீடுகளில் தீப்பிடித்தால் முதலில் போவது அதுபோன்ற தாள்கள்தான். கொண்டுவாருங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து உங்கள் கைத்தொலைபேசியில் போட்டுத் தருகிறோம். இதற்குக் காசு வேண்டாம்.

அந்தச் சதுரத்தைப் பேஸ்புக்கில் போடாதீர்கள். கையொப்பம் இருக்கிறதே தவிர உள்ளே இருப்பதற்குப் பூட்டு இல்லை. வாசிக்கத் தெரிந்த எவரும் உங்கள் பிறந்த திகதியை எடுத்துவிடலாம். எங்கள் கணினிக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவதை, அச்சிட்டதும் உங்கள் கண் முன்னாலேயே அழிக்கிறோம். வேலை அவசரத்தில் நாங்கள் மறந்தால், நின்று கேட்டு அழிக்கச் செய்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
கடைக்காரர்கள்