பிள்ளையார் வளைவில் டேப் பிடித்தவர்களுக்கு

சாலிகிராமத்தில் எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருக்களிலும் குடியிருக்கும் எல்லோருக்கும், இங்கே வீடில்லாமலே எங்களுக்காக அலைந்தவர்களுக்கும் வணக்கம்.

வாட்ஸ்அப்பில் கை கூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டு முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நம் தெருவின் பழைய ஸ்டூடியோ நிலத்தில் வரப்போகும் அடுக்குமாடி பற்றி நாம் கொடுத்த ஆட்சேபணைக்குப் பதில் கடிதம் வந்த அன்று ராத்திரி குரூப்பில் 'வெற்றி, வெற்றி' என்று பட்டாசுப் படங்களாக வந்து விழுந்ததைப் பார்த்த பிறகுதான், யார் என்ன செய்தார்கள், கிடைத்தது எவ்வளவு, கிடைக்காதது எவ்வளவு என்று உட்கார்ந்து எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. சங்கத்துச் செயலாளராக என் பெயர்தான் எல்லா மனுவிலும் இருக்கிறது. வேலை பார்த்தவர்கள் வேறு.

முதல் நன்றி இஸ்திரி அண்ணனுக்கு. வண்டியில் துணி சுற்ற வைத்திருக்கும் பழைய பேப்பரை வரி விளம்பரம் உட்பட ஒன்றையும் விடாமல் படிக்கிறவர் அவர். பழைய ஷூட்டிங் ஃப்ளோர் இருந்த இடத்தைத் தொழிற்பகுதியிலிருந்து கலப்புக் குடியிருப்பாக மாற்றப் போகிறார்கள், ஆட்சேபணை இருந்தால் எழுதலாம் என்ற அறிவிப்பை, என் புடவைகளோடு சேர்த்து மடித்துக் கொண்டு வந்து கொடுத்தார். "சர்வே நம்பர் தெரியாதுக்கா. ஆனா இது நம்ம வண்டி நிக்கிற சுவருதான்." அன்றைக்குக் கெடு முடிய 9 நாள்தான் பாக்கி. நாங்கள் 212 குடும்பம் இருக்கிறோம். வீட்டுக்கு வீடு பேப்பர் வாங்குகிறோம். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

அந்த இடத்தைப் பற்றிப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வடபழனியைச் சுற்றி ஸ்டூடியோ இருந்த நிலமெல்லாம் ஒவ்வொன்றாக வேறு உருவம் எடுத்துவிட்டது. வாஹினி இருந்த இடத்தில் இன்று ஆஸ்பத்திரியும் மாலும். அண்ணா சாலையில் ஜெமினி போன கதை ஊருக்கே தெரியும். எங்கள் தெருவில் மிஞ்சியிருந்தது பெயர்கூட அழிந்துபோன ஒரு ஃப்ளோர், நாலைந்து வேப்பமரம், கோடையிலும் வற்றாத ஒரு கிணறு. அதில் 14 மாடி, 260 வீடு வரப் போகிறது என்று கேள்விப்பட்டதும் எங்களுக்கு வந்தது யோசனை இல்லை, வெறும் பயம்தான். முதல் கூட்டத்தில் எழுதிய மனுவைப் படித்தாலே தெரியும்: "அடுக்குமாடியே வேண்டாம்" என்று ஆரம்பித்து, "வெளியாட்கள் வருவதால் எங்கள் தெருவின் தரம் கெடும்" என்று முடித்திருந்தோம். எழுதியது நான்தான்.

இந்த இடத்தில்தான் எங்கள் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும். டைப் அடித்துத் தரச் சொல்லி அவளிடம்தான் கொடுத்தேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "ஆன்ட்டி, இதுல வர்ற வெளியாள் நான்தானே?" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் இருக்கிற ஃப்ளாட்டே 1994இல் ஒரு தனி வீட்டை இடித்து ஆறாகக் கட்டியதுதான்; அன்றைக்கு எதிர்வீட்டுப் பாட்டி எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அந்த வரியை அவளே பேனாவால் அடித்தாள். "தண்ணி, ரோடு, வடிகால். இந்த மூணும் எவ்வளவு தாங்கும்னு மட்டும் கேட்போம். யார் வர்றாங்கன்னு கேட்க வேணாம்," என்றாள். ஆற்காடு சாலை வழியாகக் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26 கிலோமீட்டருக்கு மெட்ரோ போட்டுவிட்டு, அதன் ஓரத்தில் ஆட்களே குடிவரக் கூடாது என்று சொன்னால் யார் கேட்பார்கள் என்பதும் அவள் கேட்ட கேள்விதான். அதற்குச் சங்கத்தில் யாரிடமும் பதில் இல்லை. இரண்டு பேர் மட்டும் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். ஒருவர் திரும்பி வந்துவிட்டார். அவருக்கும் நன்றி.

கிழக்குக் கோடி வீட்டு சர்வேயர் சார் ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. முழங்கால் வலி வேறு. அவர் சொல்லித்தான் விதி என்ன சொல்கிறது என்றே எங்களுக்குத் தெரிந்தது. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் அது உயரமான கட்டடம். அதற்குக் குறைந்தது 12 மீட்டர் அகலச் சாலை வேண்டும். ப்ளானில் எங்கள் தெருவை 12 மீட்டர் என்று காட்டியிருந்தார்கள். "காட்டினா ஆச்சா? அளப்போம்," என்றார் சார்.

விடிகாலை நாலரை மணி, வண்டி நடமாட்டம் தொடங்குவதற்கு முன்னால். பால்காரத் தம்பி பாக்கெட் கிரேட்டை இறக்கி வைத்துவிட்டு டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனை என் கையில். சார் டார்ச் அடித்துப் படித்துச் சொல்ல, அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். 20 அடிக்கு ஒரு தடவை. பெரும்பாலான இடத்தில் 12 மீட்டர் இருந்தது, அதை மறைக்கவில்லை. பிள்ளையார் கோயில் வளைவில் சுவருக்குச் சுவர் 10.4. மூன்று தடவை அளந்தோம், மூன்று தடவையும் அதேதான். ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி நான் சிரித்தேன். சார் சிரிக்கவில்லை. டார்ச்சை என் வீட்டு கேட் பக்கம் திருப்பினார். "சுவர் பட்டாவுக்குள்ள இருக்கு, சரி. உங்க சாய்தளம் ரோட்டுல ரெண்டரை அடி நீட்டிக்கிட்டு இருக்கே, அதுக்கு யார் மேல மனு போடறது?"

அந்தச் சாய்தளத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உடைத்தாகிவிட்டது. கொத்தனார் தம்பிக்கு நன்றி. இப்போது ஸ்கூட்டரை ஏற்றப் பலகை போடுகிறேன். என்னைப் பார்த்து இன்னும் ஏழு வீட்டுக்காரர்கள் படிக்கட்டைச் சுருக்கினார்கள். சுருக்காதவர்கள் யார் என்று டேப்புக்குத் தெரியும்.

சார் செய்த இன்னொரு காரியம்தான் பெரியது. அதே பேப்பரில் அதே இடத்துக்கு இரண்டு அறிவிப்பு வந்திருந்ததை நாங்கள் அச்சுப் பிழை என்று நினைத்தோம். அவர் பழைய புலப்பட நகலை, அதாவது அந்த சர்வே நம்பரின் அளவு வரைபடத்தை, எடுத்துவரச் சொன்னார். நிலம் மொத்தம் 2 ஏக்கர் 60 சென்ட். அதை 1 ஏக்கர் 40 சென்ட், 1 ஏக்கர் 20 சென்ட் என்று இரண்டாகப் பிரித்து விண்ணப்பித்திருந்தார்கள். சேர்த்துப் பார்த்தால் 10,500 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. 10,000 சதுர மீட்டரைத் தாண்டிவிட்டால் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக எழுதிக் கொடுத்தே தீர வேண்டும். 3,000க்கு மேல் 10,000 வரை என்றால் அதற்கு ஈடாகப் பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விடலாம். பணம் கட்டினால் தெருவுக்கு ஒரு மரம்கூட மிஞ்சாது. இதை எழுதுகிறபோது யார் மேலும் குற்றம் சாட்டவில்லை, பிரித்ததற்குக் குடும்பப் பாகம் காரணம் என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். இருக்கலாம்.

தண்ணீர் லாரி அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். வீடு கூடினால் அவருக்கு ட்ரிப்பும் கூடும். அப்படியிருந்தும் சீட்டுக்கடியில் வைத்திருந்த அழுக்கு நோட்டை எடுத்துக் கொடுத்தார். மே மாதத்தில் மூன்று தெருவுக்கும் சேர்த்து நாளைக்கு ஒன்பது, பத்து லோடு. ஒரு லோடு 12,000 லிட்டர். தேதி வாரியாக, யார் வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்பது வரை குறித்திருக்கிறார். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த 2019 கோடைப் பக்கங்களில் பேனா மை வேர்வையில் கரைந்திருக்கிறது. எங்கள் மனுவோடு போன தாள்களில் அதிகம் பேசியது அந்த நோட்டின் நகல்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் பக்கத்தில் வைத்தது இஸ்திரி அண்ணன் 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஸ்டூடியோ சுவரில் நீலப் பெயின்டால் போட்டு வைத்த கோட்டின் போட்டோ. தரையிலிருந்து 3 அடி 2 அங்குலம்.

எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில், கட்டட அனுமதி கொடுக்கும் சி.எம்.டி.ஏ. ஆபீஸ் கவுன்டரில் இருந்த அம்மாவுக்கு என் பெயரும் தெரியாது, எனக்கு அவர் பெயரும் தெரியாது. 140 கையெழுத்தோடு ஒரே மனுவை நீட்டினேன். வாங்கிப் புரட்டிவிட்டு, "இதையே ஆளுக்கொண்ணா எழுதிக் குடுங்க. அவங்கவங்க வீட்டுல என்ன கஷ்டம்னு எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் முத்திரை போட்ட நகல் வாங்கிக்கோங்க," என்றார். கெடு மறுநாள் சாயங்காலம். அன்றைக்கு ராத்திரி கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து எழுதிய பிள்ளைகள், எழுதத் தெரியாதவர்களுக்குக் கேட்டு எழுதிக் கொடுத்த பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் இருவர், ஒரு மணிக்கு டீ போட்டுக் கொண்டு வந்த மாமி, எல்லோருக்கும் நன்றி. 118 மனு ஆயிற்று. 'மழை நாளில் என் வீல்சேர் தெருமுனையைத் தாண்டாது' என்று ஒருவர் எழுதியது இரண்டே வரி.

பணம் வாங்காமல் படித்துத் திருத்திய வக்கீல் தம்பிக்கு நன்றி. வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்களுக்கும் நன்றி, போட்டோ நன்றாகவே வந்திருக்கிறது.

இனி கிடைத்தது என்ன என்று. பட்டாசுப் படம் போட்டவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். நில உபயோக மாற்றம் மறுக்கப்படவில்லை. நிபந்தனைகளோடு கொடுத்திருக்கிறார்கள். இரண்டு துண்டையும் ஒன்றாகக் கணக்கிட வேண்டும், கிணற்றை ஒட்டி 26 சென்ட் திறந்தவெளியாக விட வேண்டும், எங்கள் சாலை அகலத்துக்கு உயரமான கட்டடம் ஆகாது. திருத்திய ப்ளானில் தூண் தளமும் அதன் மேல் ஐந்து மாடியும் இருக்கிறது. 260 வீடு 180 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். உயரம் குறைந்த அளவுக்கு வீடு குறையவில்லை. எஃப்எஸ்ஐ என்பது நிலத்தின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப் பரப்பு கட்டலாம் என்ற கணக்கு. அதில் பிரீமியம் எஃப்எஸ்ஐ என்று ஒன்று இருக்கிறது. எங்கள் தெரு அகலத்துக்குப் பணம் கட்டினால் 30 சதவீதம் கூடுதலாகக் கட்டலாம். அதையும் அவர்கள் வாங்குவார்கள், சட்டப்படி வாங்கலாம். 180 குடும்பம் வரத்தான் போகிறது. வடிகால் பற்றி ஒரு வரி பொதுவாக இருக்கிறது, தண்ணீரைப் பற்றி ஒன்றுமே இல்லை. அதனால் லாரி அண்ணனின் நோட்டை நான் இன்னும் திருப்பித் தரவில்லை. சென்னைப் பெருநகருக்கு 2008இல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளானின் காலம் 2026உடன் முடிகிறது. 2046 வரைக்கான மூன்றாவது தயாராகிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கருத்துச் சொல்ல அந்த நோட்டு மறுபடி வேண்டும் அண்ணா, மன்னிக்கணும்.

மாடி வீட்டுப் பெண் அடுத்த மாதம் காலி செய்கிறாள். ஆபீஸ் பெருங்குடிக்கு மாறிவிட்டதாம். திருத்திய ப்ளானைக் காட்டியபோது, சின்னதாக ஒரு படுக்கையறை வீடு எத்தனை என்று முதலில் பார்த்தாள். இருபத்திரண்டு. "விலை மட்டும் எனக்கு எட்டாது ஆன்ட்டி," என்று சிரித்தாள். அவளுக்கு என்ன நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அட்வான்ஸில் பெயின்ட் காசு பிடிக்கப் போவதில்லை.

கணக்கு: வசூல் 14,200 ரூபாய். நகல் எடுத்த செலவு 3,860, ஆட்டோ 2,740, புலப்பட நகலும் வில்லங்கச் சான்றும் 2,400, டீ, பிஸ்கட் 1,150. மீதி 4,050 ரூபாய் என்னிடம் இருக்கிறது. ரசீதுகள் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கின்றன. மண்டபத்தில் யாரோ விட்டுப் போன பச்சைக் குடையும் ஒரு மூக்குக்கண்ணாடியும் என் வீட்டில் இருக்கின்றன. சர்வேயர் சாரின் 30 மீட்டர் டேப்பும் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த ஞாயிறு வடிகாலை அளந்துவிட்டுத் தருகிறேன் சார். காலை ஐந்து மணி, இஸ்திரி வண்டிப் பக்கத்தில். பால்காரத் தம்பி வருகிறேன் என்றிருக்கிறார்.