அனுபவம் இருப்பதே தகுதிக்குறைவா? தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம், கிண்டி, சென்னை.

பொருள்: வேலையிழந்த தொழில்வல்லுநர்களுக்கு வயது, அனுபவ வரம்பின்றி ஊதியத்துடன் கூடிய பணியிடப் பயிற்சி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பொதுத்துறை நிறுவனங்களின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) அறிவிக்கை ஒவ்வொரு முறை வெளியாகும்போதும், தகுதிகளின் கீழே ஒரு வரி தவறாமல் இருக்கிறது. பட்டமோ பட்டயமோ முடித்தபின் ஓராண்டு அல்லது அதற்கு மேல் பயிற்சியோ பணி அனுபவமோ பெற்றவர்கள் விண்ணப்பிக்கத் தகுதியற்றவர்கள் என்கிறது அந்த வரி. அண்மையில் வந்த அறிவிக்கையிலும் அதே வரிதான். பத்தாண்டு, பன்னிரண்டு ஆண்டு வேலை பார்த்து, வேலையை இழந்து, புதுத் துறைக்கான படிப்பையும் முடித்துவிட்டு, ஒரு தொழிற்சாலைக்குள் கால் வைக்க இடம் தேடுகிறவர்கள் அந்த வரியோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டும் வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறோம்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். வேலையிழந்த தொழில்வல்லுநர்களுக்கென்று, வயது வரம்பும் அனுபவ வரம்பும் இல்லாத, மாத உதவித்தொகையுடன் கூடிய ஆறு மாதப் பணியிடப் பயிற்சித் திட்டம் ஒன்றைக் கழகம் தொடங்க வேண்டும்.

பின்னணி தங்களுக்குத் தெரியாததல்ல. 2025 ஜூலையில் நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனம் தன் ஊழியர்களில் 2 விழுக்காட்டினரை, அதுவும் பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பதவிகளில் இருப்பவர்களை, விடுவிக்கப்போவதாக அறிவித்தது. மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் அந்தச் செய்தியை யாரும் வெறும் செய்தியாகப் படிக்கவில்லை. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, மாணவர் சேர்க்கை வற்றிப்போன தனியார் பொறியியல் கல்லூரிகளிலிருந்து இயந்திரவியல், கட்டடவியல் ஆசிரியர்கள் வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களில் யாரும் திறனற்றவர்கள் அல்லர். இருக்கும் திறனை இன்னொரு துறைக்குக் கொண்டுபோக வழியில்லாதவர்கள்.

அரசின் திட்டங்கள் ஏராளம். இவர்களுக்குள்ளது எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் மனம் கசந்துபோகிறது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரி மாணவர்களுக்குச் செய்திருக்கும் நன்மையை நாங்கள் மறுக்கவில்லை, பாராட்டுகிறோம். ஆனால் அதன் அடித்தளம் வகுப்பறையில் இருக்கும் மாணவர்தான். 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டத்தைத் தொடங்கியபோது வைத்த வயது வரம்பு 21 முதல் 24 வரை. ஈ.எஸ்.ஐ. தரும் வேலையிழப்பு நிவாரணம் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கிய காப்பீட்டாளர்களுக்கு மட்டும். மாநில வேலைவாய்ப்பு அலுவலகம் தரும் மாதம் 600 ரூபாய் உதவித்தொகையிலும் பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கு இடமில்லை. புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, ஆட்குறைப்பு செய்யப்பட்டவரின் மறுபயிற்சிக்காக 15 நாள் ஊதியத்தை அவர் கணக்கில் செலுத்தச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் மேலாளர் பதவியில் இருந்தவருக்கும், 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கிய மேற்பார்வையாளருக்கும் அது கிடையாது. கிடைக்க வேண்டியவருக்கும் பல இடங்களில் கிடைப்பதில்லை. காரணம், எச்.ஆர். அறையில் அவரிடம் வாங்கப்படுவது ராஜினாமாக் கடிதம். ராஜினாமா ஆட்குறைப்பு ஆகாது.

இதற்கிடையில் அந்தக் குடும்பத்தில் என்ன நடக்கிறது? கடைசி வேலைநாளோடு நிறுவனம் தந்த குழு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வீட்டுக்கடன் தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் வங்கி அதை வாராக்கடனாக வகைப்படுத்தும். ஆகவே, புதுத் துறைக்கு மாற எவ்வளவு ஆர்வம் இருந்தாலும், ஒருவர் கையில் இருப்பது ஏறக்குறைய மூன்று மாத அவகாசம். உருப்படியான ஒரு துறைமாற்றத்துக்கு ஆறு மாதமாவது வேண்டும். இடையில் விழும் அந்த மூன்று மாதப் பள்ளத்தில்தான் எல்லாத் தவறுகளும் நடக்கின்றன.

முதல் தவறு, 'வேலை உறுதி' என்று விளம்பரம் செய்யும் தனியார் பயிற்சி நிலையம். கட்டணம் லட்சத்தைத் தாண்டும். கையில் பணமில்லை என்றால் அங்கேயே கடன் நிறுவனத்தின் ஆள் உட்கார்ந்திருப்பார். கடன் தொகை முழுவதும் முதல் நாளே நிலையத்தின் கணக்குக்குப் போய்விடும். தவணை மட்டும் படிப்பவர் பெயரில். இரண்டாம் மாதம் வகுப்பு சரியில்லை என்று விலகினாலும் தவணை நிற்காது. கையொப்பமிட்ட தாளில் 'வேலை உறுதி' என்று எங்கும் இருக்காது, 'வேலைவாய்ப்பு உதவி' என்றுதான் இருக்கும்.

இரண்டாவது, இதைவிட மோசமானது. புதுத் துறையில் இரண்டு ஆண்டு அனுபவம் இருப்பதாகப் போலிக் கடிதம் விற்கும் கன்சல்டன்சிகள். வேலைக்கு எடுக்கும் நிறுவனம் செய்யும் பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். கணக்கின் பணி வரலாற்றை எடுத்துப் பார்த்தால், எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் விலகினார் என்பது அப்படியே தெரிந்துவிடும். போலி பிடிபட்டால், நேர்மையாகச் சம்பாதித்த பழைய பன்னிரண்டு ஆண்டுகளும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும். இந்தக் கடிதங்களை வாங்குவதை நாங்கள் ஒருபோதும் ஆதரிக்க மாட்டோம். ஆனால் உண்மையான அனுபவம் பெறும் வாசலை அரசின் விதியே அடைத்து வைத்திருக்கும்போது, பொய்யான அனுபவத்துக்குச் சந்தை உருவாவதில் வியப்பில்லை.

'ஆன்லைனில் சான்றிதழ் படித்தால் போதாதா' என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். போதாது. ஏன் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள்.

மேனுவல் டெஸ்டிங்கில், அதாவது மென்பொருளைக் கைமுறையாகச் சோதிக்கும் வேலையில், பத்தாண்டு இருந்த ஒருவர் வாகன மின்னணுச் சோதனைக்கு மாற விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதை எப்படிச் சோதிப்பது என்ற குறிப்பை (டெஸ்ட் கேஸ்) எழுதுவது, குறையைப் பதிவு செய்வது, தேவைப் பட்டியலோடு ஒவ்வொரு சோதனையையும் இணைத்துக் காட்டுவது எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. வேலையின் பாதி அதுதான். மீதிப் பாதி, வாகனத்தின் மின்னணுப் பெட்டிகளை இணைக்கும் தகவல் தடமான கேன் பஸ்ஸில் ஓடும் செய்திகளைப் படிப்பது, கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சோதனை மேடையில் (டெஸ்ட் பெஞ்ச்) பொருத்துவது, சென்சார் கம்பியைத் துண்டித்துவிட்டுச் சரியான பிழைக்குறியீடு வருகிறதா என்று பார்ப்பது. இதன் கோட்பாட்டை ஆறு முதல் எட்டு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் டெஸ்ட் பெஞ்ச் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருக்கிறது. யாரும் வீட்டில் வாங்கி வைத்துப் பழக முடியாது.

அதேபோல, கல்லூரியில் இயந்திரவியல் கற்பித்தவர் ஒரகடத்திலோ ஓசூரிலோ உதிரிபாகத் தொழிற்சாலையின் தரப் பிரிவுக்குப் போகலாம். வரைபடத்தில் உள்ள வடிவ, அளவுப் பிழைவரம்புக் குறிகளை அவர் பிறருக்குப் பாடமாகவே நடத்தியவர். ஆனால் புது உதிரிபாகத்துக்கு வாடிக்கையாளர் ஒப்புதல் வாங்கும் பி.பி.ஏ.பி. கோப்பை அவர் தொட்டதில்லை. அதில் 18 கூறுகள். அளவீட்டு முடிவு, மூலப்பொருள் சோதனை, எங்கே எப்படிப் பழுது வரலாம் என்று முன்கூட்டியே கணிக்கும் தோல்வி முறைப் பகுப்பாய்வு, கட்டுப்பாட்டுத் திட்டம் என்று நீளும். கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஒரு எண், பகுப்பாய்வில் வேறொரு எண் என்று முரண்பட்டால் கோப்பு திரும்பி வந்துவிடும். இரண்டு மூன்று கோப்புகளை ஒரு மூத்த பொறியாளரின் பக்கத்தில் உட்கார்ந்து முடித்தால் ஆள் தயார். அந்தப் பக்கத்து நாற்காலியைத்தான் கேட்கிறோம்.

திட்டம் எப்படி அமைய வேண்டும் என்பதையும் பணிவுடன் முன்வைக்கிறோம். மொத்தம் 26 வாரம். முதல் 2 வாரம் திறன் மதிப்பீடு. என்ன படித்தார் என்பதை விட்டுவிட்டு, அன்றாடம் என்ன வேலை செய்தார் என்று கேட்டு, அதிலிருந்து எந்தத் துறைக்கு எட்டும் தூரம் குறைவு என்று பார்க்க வேண்டும். இந்தக் கட்டத்தை அவசரமாக முடித்தால், பேட்ச் நிரம்ப வேண்டும் என்பதற்காக எல்லோரையும் டேட்டா அனலிடிக்ஸில் தள்ளிவிடுவார்கள். அப்படித்தான் நடக்கிறது. அடுத்த 8 வாரம் வகுப்பும் பயிற்சிக்கூடமும். கடைசி 16 வாரம் நிறுவனத்தில். எந்த நிறுவனம், எந்தப் பிரிவு என்பது வகுப்பு தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். முதலில் பயிற்சி, பிறகு நிறுவனம் தேடலாம் என்ற வரிசையில் போனால் பத்தாம் வாரம் எல்லாம் நின்றுவிடும்.

உதவித்தொகையில் அரசின் பங்காக மாதம் 10,000 ரூபாய் ஆறு மாதமும், நிறுவனத்துக்குள் நுழைந்தபின் நிறுவனத்தின் பங்காக இன்னொரு 10,000 ரூபாயும் வேண்டுகிறோம். முதல் கட்டமாக 5,000 பேர் என்று கொண்டால், பயிற்சிக் கட்டணம் நீங்கலாக அரசுக்கு ஆவது 30 கோடி ரூபாய். தொழிற்பழகுநர் திட்டத்தில் புதிய பட்டதாரிக்கான குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை ஒன்றிய அரசு ஏற்கிறது. வழி தெரியாத விஷயம் எதையும் நாங்கள் கேட்கவில்லை.

கெட்டுப்போகும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். அனுபவசாலி குறைந்த தொகைக்குக் கிடைக்கிறார் என்று தெரிந்தால் சில நிறுவனங்கள் நிரந்தரப் பணியிடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு பயிற்சியாளர்களை மாற்றி மாற்றி அமர்த்தும். எனவே அடுத்தடுத்து இரண்டு பயிற்சி அணிகளில் மூன்றில் ஒருவரையாவது பணியில் எடுக்காத நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். ஒரு வழிகாட்டிக்கு ஐந்து பயிற்சியாளருக்கு மேல் கூடாது. பயிற்சி நிலையத்துக்கான தொகையில் கணிசமான பங்கை, பயிற்சி பெற்றவர் வேலையில் சேர்ந்து மூன்று மாதம் நிலைத்தபின் மட்டுமே விடுவிக்க வேண்டும்.

நிறுவனங்களுக்கு இருக்கும் அச்சம் வேறு. தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் வருபவர் பி.எஃப். சட்டத்தில் ஊழியர் ஆகமாட்டார். அந்தச் சட்டத்துக்கு வெளியே மாநிலம் தனியாக நடத்தும் திட்டத்தில் சேருபவர் பயிற்சியாளரா, ஊழியரா என்று நாளை ஓர் ஆய்வாளர் கேட்டால் என்ன பதில்? இந்தத் தெளிவு அரசாணையிலேயே இல்லாவிட்டால் எந்த எச்.ஆர். மேலாளரும் கையெழுத்துப் போடமாட்டார். மறுபுறம், பி.எஃப். பதிவு இல்லாத ஆறு மாதம் பின்னணிச் சரிபார்ப்பில் வெற்றிடமாகத் தெரியும். அதனால் பயிற்சிச் சான்றிதழைக் கழகமே வழங்கி, அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் யாரும் சரிபார்க்கும்படி வைக்க வேண்டும். அதில் செய்த வேலையின் விவரம் இருக்க வேண்டும். 'வெற்றிகரமாக நிறைவு செய்தார்' என்ற ஒற்றை வரியால் பயனில்லை.

இன்னொன்று. கல்லூரி ஆசிரியர்கள் பலரின் அசல் சான்றிதழ்கள் அவர்கள் வேலை பார்த்த கல்லூரிகளின் அலமாரிகளில் பூட்டிக் கிடக்கின்றன. ஒருவரின் பட்டச் சான்றிதழைப் பிணைப்பொருளாகப் பிடித்துவைக்க எந்த நிர்வாகத்துக்கும் உரிமை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நடக்கிறது, கேட்பார் இல்லை. குறைந்தபட்சம் இந்தத் திட்டத்துக்காவது பல்கலைக்கழகப் பதிவேட்டில் இணையவழிச் சரிபார்ப்பு செய்தால் போதும் என்று ஆணையிடுங்கள்.

சிங்கப்பூரில் வேலைமாற்றத் திட்டத்தின் கீழ், நடுவயதுக்காரரைப் புதுப்பணிக்கு எடுத்துப் பயிற்றுவிக்கும் நிறுவனத்துக்கு, பயிற்சிக் காலச் சம்பளத்தில் கணிசமான பங்கை உச்சவரம்புக்குட்பட்டு அரசே ஏற்கிறது. 40 வயதைக் கடந்தவருக்கு அந்தப் பங்கு இன்னும் அதிகம். அங்கே வயது கூடினால் உதவி கூடுகிறது, இங்கே வயது கூடினால் விண்ணப்பப் படிவமே திறப்பதில்லை. அவர்கள் கருவூலம் வேறு, நம் கருவூலம் வேறு என்பது தெரியும். வயது வரம்பை எடுப்பதற்குக் கருவூலம் தேவையில்லை.

நேர்காணல்களில் 'உங்களுக்கு அனுபவம் அதிகம், இந்த வேலை உங்களுக்குச் சரிவராது' என்று சொல்லியனுப்பும் தனியார் நிறுவனங்கள் மேல் எங்களுக்கு வருத்தம் உண்டு. ஆனால் அரசே அதையே விதியாக எழுதி வைத்திருக்கும்போது அவர்களிடம் போய் என்ன நியாயம் பேசுவது?

ஓராண்டு அனுபவ விதி ஒன்றிய அரசின் விதி, அதை மாநிலம் திருத்த முடியாது என்பதை அறிவோம். அதைத் தளர்த்தும்படி மாநில அரசு எழுதலாம். அந்தப் பதில் வரும்வரை காத்திராமல், நாங்கள் கேட்கும் திட்டத்தைத் தமிழ்நாடு தானே தொடங்கலாம். வயது, அனுபவ வரம்பின்றி, உதவித்தொகையுடன், ஆறு மாதப் பணியிடப் பயிற்சி. சென்னை, கோவை, ஓசூர் மூன்று இடங்களில் சோதனை முறையில் தொடங்கினாலும் போதும். அடுத்த நிதிநிலை அறிக்கைக்கான முன்மொழிவுகள் கழகத்திலிருந்து போகும் முன் எங்களையும், வேலையிழந்தவர்களின் பிரதிநிதிகளையும், நான்கைந்து நிறுவனங்களின் மனிதவளப் பொறுப்பாளர்களையும் ஒரே மேசையில் அமரவைத்து ஒரு நாள் கலந்தாய்வு நடத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். துறைவாரியான பாடத்திட்ட வரைவும் நிறுவனங்களுடன் செய்துகொள்ள வேண்டிய ஒப்பந்தத்தின் மாதிரியும் எங்களிடம் தயாராக உள்ளன. அழைத்தால் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
வேலையிழந்த தொழில்வல்லுநர்களுக்கு வழிகாட்டும் பயிற்றுநர்கள்,
சென்னை, கோவை.